சரிவுப் பாதை பற்றி மகளுக்கு

சிவமயம்

கானாடுகாத்தான்

சௌபாக்கியவதி மகளுக்கு அப்பச்சி எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் ஆத்தாவும் நலம். அங்கு நீயும் மாப்பிள்ளை அவர்களும் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். ஆத்தாவை ஒஹையோவுக்கு அழைத்துச் சென்று ஆறு மாதம் வைத்துக்கொள்ள வேண்டும் என்றும், அதற்காக உங்கள் வீட்டில் சக்கர நாற்காலி ஏறுவதற்கு மாப்பிள்ளை அவர்கள் ஐந்தடி நீள அலுமினியத் தகடு ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். அந்தத் தகட்டை வாங்குவதற்கு முன் இந்தக் கடிதத்தை நீங்கள் இருவரும் சேர்ந்து படிக்க வேண்டும் என்பதற்காகவே, தொலைபேசியில் சொல்லாமல் எழுதுகிறேன்.

இங்கே நான் முதலில் செய்த தவற்றை நீ முழுதாக அறியமாட்டாய். ஆத்தாவுக்குப் பக்கவாதம் வந்து மருத்துவமனையிலிருந்து அழைத்து வந்த வாரத்திலேயே, அவசரம் அவசரமாக ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுக் கொல்லைப்புற வாசலில் சிமெண்டுச் சரிவு ஒன்று போடச் சொன்னேன். வாசல் தரையிலிருந்து 18 அங்குல உயரம். அவர் போட்ட சரிவின் நீளம் 6 அடி. ஸ்கூட்டர் ஏறுவதற்கு எத்தனையோ வீடுகளில் அப்படிப் போட்டிருக்கிறேன் என்றார், நானும் சரியென்றேன். மேலே அழகுக்காகச் சிவப்பு ஆக்சைடு பூசி, கண்ணாடிபோல் தேய்த்தும் கொடுத்தார். ஐப்பசி மாதத்துத் தூறலில் ஒரு நாள், துணைக்கு இருக்கும் அம்மாள் நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்தபடி இறக்கும்போது அவருடைய கால் வழுக்கியது. நாற்காலி கையைவிட்டுப் போய்த் துவைகல்லில் முட்டி நின்றது. ஆத்தாவுக்கு அடி எதுவும் படவில்லை. ஆனால் அதற்குப் பின் இரண்டு மாதம் அவள் வீட்டை விட்டு வெளியே வரவே மறுத்துவிட்டாள்.

வட்டிக்கணக்கிலேயே காலம் கழித்தவன் அந்த எளிய கணக்கைப் போடாமல் விட்டதுதான் எனக்கு வெட்கம். 18 அங்குலத்தை 72 அங்குலத்தில் ஏறினால் அது 1:4 சரிவு. ஆத்தாவும் நாற்காலியும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்தச் சரிவில் கீழ்நோக்கி இழுக்கும் பாரம் மட்டும் சுமார் 19 கிலோ. அதையே 1:12 சரிவில் வைத்தால் ஆறரைக் கிலோவுக்குச் சற்று மேல். அந்த அம்மாளால் இதைத் தாங்க முடியும், அதைத் தாங்க முடியாது. அதுவும் ஈரத் தரையில். ஓர் அங்குல ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்பது கேட்கும்போது கந்துவட்டிபோலத்தான் தோன்றும். ஆனால் நம் நாட்டுத் தேசியக் கட்டட விதித்தொகுப்பும், 2021இல் மத்திய அரசு வெளியிட்ட அணுகல் வழிகாட்டு நெறிகளும், அமெரிக்காவின் விதிகளும் இந்த எண்ணில் ஒன்றுபோல் பேசுகின்றன. நம்முடையதுபோன்ற தனி வீட்டை இந்த விதிகள் கட்டாயப்படுத்துவதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்களைத்தான் கேட்கிறது. கேட்க ஆளில்லை என்ற தைரியத்தில்தான் கொத்தனாரும் நானும் அந்தக் கொல்லைச் சரிவைக் கட்டினோம்.

இரண்டாம் முறை கட்டும்போது ஆத்தா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "கல்யாணமாகி முகப்பு வழியாக வந்தவள் நான், பாத்திரம் தேய்க்கிற வாசல் வழியாக என்னை உள்ளே கொண்டுவர வேண்டாம்," என்றாள். முகப்புத் திண்ணையோ தரையிலிருந்து 27 அங்குல உயரம். ஆக, 27 அடி நீளச் சரிவு வேண்டும். அவ்வளவு நீளத்தை நேராக விட்டால் அது தெருவில் போய் நிற்கும். தெரு நம்முடையதன்று, தேர் வரும் பாதை. ஆகவே முகப்புக்கு இடப்பக்கம் கார் நிறுத்தும் இடத்தில், பதின்மூன்றரை அடி ஏறி, ஐந்தடி ஆழமுள்ள சமதளத்தில் திரும்பி, மீண்டும் பதின்மூன்றரை அடி ஏறுமாறு 'ப' எழுத்தைப்போல மடக்கினோம். ஒரே ஓட்டமாக 30 அங்குலத்துக்கு மேல் ஏறக்கூடாது, அதற்குள் இளைப்பாறச் சமதளம் வேண்டும் என்பது விதி. நம்முடையது அதற்குள்தான் என்றாலும், நடுவில் அந்தத் தளம் இல்லாமல் தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கியிருக்கும்.

இதற்குப் பங்காளிகளின் சம்மதம் வாங்கியது கட்டுவதைவிடப் பெரிய வேலை. உள்முற்றமான வளவு பொது, முகப்பு பொது. நம் பங்குக்கு உள்ளவை இரண்டு அறைகள் மட்டுமே என்பது உனக்குத் தெரியும். முன்னோரை வழிபடும் படைப்புக்கு எல்லோரும் கூடும் வீட்டில் முகப்பின் இலட்சணம் கெடும் என்று ஒருவர் சொன்னதில் நியாயமில்லாமல் இல்லை. எனவே சரிவுப் பாதையை வீட்டின் மீது ஒட்டாமல், அடித்தளக் கல்லிலிருந்து ஓர் அங்குலம் விலக்கித் தனியாக எழுப்பினோம். மேல்முனையில் மட்டும் அந்த இடைவெளியின் மீது ஓர் இரும்புத் தகடு கிடக்கிறது. கூரையிலிருந்து விழும் மழைநீர் அந்த இடைவெளி வழியாக ஓடிவிடுகிறது. பின்னாளில் வேண்டாம் என்றால் வீட்டில் ஒரு கீறல் இல்லாமல் எடுத்துவிடலாம். இதைச் சொன்ன பிறகு அவரே கையெழுத்துப் போட்டார்.

தலைவாசல் நிலைப்படி நான்கு அங்குல உயரம். பர்மா தேக்கு, அதை அறுக்கும் எண்ணம் எனக்கும் இல்லை, யாரும் விடவும் மாட்டார்கள். நிலைப்படியை மிதிக்கலாகாது என்னும் வழக்கம் சக்கரத்துக்கும் உண்டா என்று கேட்டுச் சிரித்தவர்களும் இருந்தார்கள். தச்சர் இருபுறமும் நான்கடி நீளத்துக்குச் சரிந்த இரண்டு பலகைகள் செய்து, அவை மேலே ஒன்றையொன்று கவ்வி, நிலைப்படிக்கு மேல் ஒரு சிறு பாலம்போல் நிற்கும்படி வைத்தார். சக்கரம் நிலையைத் தொடுவதே இல்லை, ஆணியும் அடிக்கவில்லை. இரட்டைக் கதவில் ஒன்றை மட்டும் திறந்தால் நாற்காலி போகாது என்பதால், இரண்டையும் திறந்து வைக்கும் பழக்கம் வீட்டுக்கு வந்துவிட்டது. காற்று நன்றாக வருகிறது, அது தனி இலாபம்.

மேற்பரப்புக்கு ஆத்தங்குடிக் கல் மிச்சமிருக்கிறது, பதித்துவிடலாம் என்று கொத்தனார் ஆசைப்பட்டார். கால் பட்டுப் பட்டு மெருகேறும் கல்லைச் சரிவில் பதிப்பதா என்று தடுத்துவிட்டேன். சிமெண்டு இறுகும் முன் தென்னந்துடைப்பத்தைக் குறுக்கே இழுத்து வரி போட்டோம். ஓரங்களில் நான்கு அங்குல உயரத்துக்குச் சிறு கட்டை எழுப்பினோம். நாற்காலியின் முன்சக்கரம் சிறியது, விளிம்பைத் தாண்டினால் கவிழ்த்துவிடும். ஆத்தாவை ஏற்றுவதற்கு முன் ஒரு நெல் மூட்டையை வைத்துத் தள்ளினோம், பிறகு நான் உட்கார்ந்து தள்ளச் சொன்னேன். உட்கார்ந்து பார்த்தபோதுதான் கைப்பிடிக் கம்பி எனக்கு எட்டவில்லை என்று தெரிந்தது. நிற்பவருக்கு 900 மில்லிமீட்டர், அமர்ந்தவருக்கு 760 மில்லிமீட்டர் என இரண்டு கம்பிகள் வேண்டும் என்று நம் வழிகாட்டு நெறிகள் ஏன் சொல்கின்றன என்பது அப்போது விளங்கியது. மறுநாளே கீழ்க்கம்பியும் போட்டோம். இரண்டு பக்கமும் போட்டோம், ஏனென்றால் ஆத்தாவுக்கு இடக்கை மட்டுமே வேலை செய்கிறது. ஏறும்போது இடப்பக்கம் இருக்கும் கம்பி இறங்கும்போது வலப்பக்கம் போய்விடும்.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். வாசலில் மூன்று படிகள், 21 அங்குலம். கார் ஷெட்டிலிருந்து வீட்டுக்குள் ஏற இரண்டு படிகள், 14 அங்குலம் என்று எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளை அவர்களின் ஐந்தடித் தகட்டை அந்த 14 அங்குலத்தில் சாய்த்தால் 1:4க்குச் சற்றுக் குறைவு. நம் கொல்லைச் சரிவுக்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. அவர் மனம் நோகாதபடி இதை நீ எப்படிச் சொல்வாயோ எனக்குத் தெரியாது. இந்தப் பத்தியைக் காட்டிவிடு, கணக்குப் போட்டது நான்.

முன்வாசல்தான் வேண்டும் என்ற பேச்சு அங்கே இல்லை. நீங்கள் எல்லோரும் ஷெட் வழியாகத்தான் வீட்டுக்குள் போய் வருகிறீர்கள், முன்வாசல் கதவு விருந்தாளிக்கு மட்டும் என்று நான் சொன்னபோது, "வீட்டு மனிதர்கள் போகிற வழி எதுவோ அதுவே போதும்," என்றாள் ஆத்தா. உறைபனியும் ஷெட்டுக்குள் வராது. ஆகையால் 14 அங்குலத்துக்கு 14 அடிச் சரிவு. வெளியேறுவதற்கென விதி குறிக்கும் பிரதான வாசலுக்கு 1:12, மற்ற வாசல்களுக்கு 1:8 வரை போகலாம் என்று அமெரிக்காவில் பெரும்பாலான ஊர்கள் பின்பற்றும் சர்வதேசக் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு இடம் கொடுக்கிறது. அந்தச் சலுகையை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1990இல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் உங்கள் தனி வீட்டைக் கட்டுப்படுத்தாது என்றாலும், அதன் அளவுகளைப் பார்த்துக் கட்டுங்கள்: கைப்பிடிகளுக்கு நடுவே குறைந்தது 36 அங்குல அகலம், கைப்பிடி உயரம் 34 முதல் 38 அங்குலம், மேலும் கீழும் ஐந்தடிச் சமதளம். கீழ்க்கம்பியை மட்டும் நம் ஊர்க் கணக்குப்படி 30 அங்குலத்தில் கூடுதலாகப் போடச் சொல்.

அந்த மேல்தளம் முக்கியம். குடியிருப்பு விதித்தொகுப்பு மூன்றடிக்கு மூன்றடி போதும் என்கிறது. ஆனால் ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவேயுள்ள கதவு நெருப்பைத் தடுப்பதற்காக வைத்தது. பல வீடுகளில் அது தானே மூடிக்கொள்ளும். ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறுகையால் நாற்காலியைத் தள்ளுகிறவர் மூன்றடித் தளத்தில் என்ன செய்வார்? கதவைத் தானே மூடவைக்கும் ஸ்பிரிங்கைக் கழற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே, தளத்தை ஐந்தடியாக்கு. மேலே 5 அடி, சரிவு 14 அடி, கீழே நாற்காலி திரும்ப 5 அடி என்றால் 24 அடி ஆகிறது. உங்கள் ஷெட்டின் ஆழம் 22 அடி. எனவே மூலையில் ஒரு தளம் வைத்து 'ட' எழுத்தைப்போலத் திருப்ப வேண்டியிருக்கும். ஒரு கார் ஆறு மாதம் வெளியில் நிற்கும். உள்ளே நிற்கும் மற்றொரு கார் சரிவில் மோதாமல் இருக்கத் தரையில் ஒரு தடுப்புக் கட்டையும் வை. பலகையில் செய்வதானால், பலகைகளுக்கு இடையே அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடாதே.

ஆணி அடிப்பதற்கு முன் உங்கள் ஊர்க் கட்டட அலுவலகத்தில் ஒரு படம் வரைந்து கொடுத்து, அனுமதி வேண்டுமா என்று கேள். அது ஊருக்கு ஊர் மாறும். உங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கும் எழுத்தில் தெரிவி. அவர்கள்தான் உனக்குப் பங்காளிகள். அவர்கள் மறுத்தால், 1988இல் திருத்தப்பட்ட நியாய வீட்டுவசதிச் சட்டம், மாற்றுத்திறனாளி வசிப்பதற்காகச் சொந்தச் செலவில் செய்யும் நியாயமான மாற்றத்தைத் தடுக்கக்கூடாது என்கிறது. சட்டத்தை முதலில் எடுக்காதே. எடுத்துவிடலாம் என்ற ஏற்பாட்டை முதலில் சொல். எனக்கு இங்கே அதுதான் கைகொடுத்தது.

ஆத்தாவின் நாற்காலி வெளி அகலம் 25 அங்குலம், கால்தாங்கியோடு நீளம் 42 அங்குலம். ஷெட்டுக் கதவு, அவள் படுக்கும் அறையின் கதவு, குளியலறைக் கதவு ஆகிய மூன்றையும் முழுதாகத் திறந்து வைத்து, கதவின் கனத்தைக் கழித்துவிட்டு, நடுவில் மிஞ்சும் வெளியை மட்டும் அளந்து எழுது. 32 அங்குலத்துக்குக் குறைவாக எது இருந்தாலும் மாப்பிள்ளை அவர்களை ஒரு தச்சரைப் பார்க்கச் சொல். அந்த மூன்று அளவும் வந்த பிறகு விமானச் சீட்டு எடுக்கலாம். அதுவரை ஆத்தாவிடம் தேதி சொல்லாமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பச்சி