நீலகிரிக்கு இன்னொரு அரசு ஆலை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீலகிரி இளைஞர்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போகிறார்கள். அதைத் தடுக்க அரசே இங்கு ஒரு பெரிய ஆலை தொடங்கி ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தர வேண்டும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய கவலை எனக்கும் உண்டு. ஹட்டி என்று நாங்கள் சொல்லும் எங்கள் சிற்றூரிலும் பூட்டிக் கிடக்கும் வீடுகள் கூடிக்கொண்டே போகின்றன. ஆனால் அவர் கேட்கும் மருந்தை இந்த மலை ஏற்கெனவே குடித்துப் பார்த்துவிட்டது.

ஊட்டி இந்து நகர்ப் பக்கம் போனவர்களுக்கு இது தெரியும். மத்திய அரசு 1960-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் அங்கேதான் இருந்தது. 1967-இல் உற்பத்தி தொடங்கியது. வெளிநாட்டு பிலிம் மலிவாக வந்ததும் தடுமாறியது. 1990-களிலேயே நலிந்த நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டது. பிறகு டிஜிட்டல் கேமரா வந்து பிலிமையே தேவையில்லாமல் செய்துவிட்டது. ஆனாலும் பல ஆண்டுகள் கஜானாப் பணத்தில் சம்பளம் போய்க்கொண்டிருந்தது. விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2014-இல்தான். அங்கு உழைத்தவர்கள் மீது எந்தக் குற்றமும் இல்லை. வாங்க ஆளில்லாத பொருளைச் செய்யும்படி அவர்களை உட்கார வைத்ததுதான் குற்றம்.

அந்தச் சம்பளப் பணம் யாருடையது? தேயிலைத் தூள் பாக்கெட்டுக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. கொடுக்கிறோம். இலை ஏற்றிப் போகும் வண்டியின் டீசலுக்கும் வரி கொடுக்கிறோம். அதில் ஒரு பகுதி எங்கள் கையிலேயே நின்றிருந்தால், வயதான செடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதுச் செடி நட்டிருப்போம், கவாத்துக்கும் இலை பறிக்கவும் இன்னும் ஆட்களை வைத்திருப்போம். அந்த வேலைகளுக்குத் திறப்பு விழா கிடையாது. அதனால் அவை போனது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயைப் பற்றிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தால் அங்கிருந்து வந்த தமிழர்களுக்கு வாழ்வு தர உருவானது அது. அந்தக் கடமையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தொடர் நஷ்டத்துக்குப் பின், 2022-இல் 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட தோட்டத்தை வனத்துறையிடம் திருப்பித் தர முடிவானது. கூடலூர், பந்தலூர் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீட்டுப் பிள்ளைகளும் இன்று திருப்பூர் பஸ்தான் ஏறுகிறார்கள்.

அரசு செலவே செய்யக்கூடாது என்பதல்ல என் வாதம். 2025-இல் ஊட்டியில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 700 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. அவசர சிகிச்சைக்குக் கோவை வரை மலையிறங்கித் தவித்த மக்கள் கேட்டது அது. அங்கே செவிலியருக்கும் ஊழியருக்கும் வேலை கிடைத்தது, நோயாளிக்கு மருத்துவமனை தேவைப்பட்டதால். ஆள் எடுப்பதற்காகவே மருத்துவமனை கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆகவே புது ஆலை என்று வாக்குறுதி தருகிறவர்கள், எத்தனை பேருக்கு வேலை என்பதற்கு முன்னால், அந்தப் பொருளை யார் வாங்குவார்கள், ஐந்தாம் ஆண்டுச் சம்பளம் எந்த விற்பனையிலிருந்து வரும் என்று எழுத்தில் தரட்டும். தர முடியாவிட்டால் அந்தத் தொகையைக் கோத்தகிரி, குன்னூர் மலைச் சாலைகளின் தடுப்புச் சுவர்களுக்கு ஒதுக்கட்டும். மழையில் மண் சரிந்து சாலை அடைபடும்போதெல்லாம், பறித்த இலை ஆலைக்குப் போய்ச் சேராமல் மூட்டையிலேயே வெந்து வீணாகிறது.

இப்படிக்கு,
சிறு தேயிலை விவசாயி,
கோத்தகிரி.