செய்முறைத் தேர்வில் பிழை கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில் பைத்தான் என்று நம் பாடத்திட்டத்தில் பிள்ளைகள் புரோகிராம் படிக்கிறார்கள், நல்ல விஷயம்தான். ஆனால் எழுதியது ஓடவில்லை என்றால் என்ன செய்வது என்பதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. லேபில் "சார், எரர் வருது" என்று குரல் வரும், சார் வந்து விட்டுப்போன ஒரு கோலனைப் போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார், பையனுக்குக் கடைசிவரை எது தப்பு என்றே தெரியாது. திரையில் வந்த செய்தியின் கடைசி வரியைச் சத்தமாகப் படி என்று சொல்லியிருந்தாலே பாதி வேலை முடிந்திருக்கும்.

எரர் வந்தாலாவது பரவாயில்லை, எரரே வராமல் தப்பான விடை வருவதுதான் பெரிய சிக்கல். சி பிளஸ் பிளஸில் இன்ட் (முழு எண்) வகையில் ஃபேக்டோரியல் போடும், அதாவது 1 முதல் கொடுத்த எண் வரை எல்லாவற்றையும் பெருக்கும், புரோகிராமை எடுத்துக்கொள்ளுங்கள். 12 கொடுத்தால் 479001600, சரியான விடை. 13 கொடுத்தால் பொதுவாக 1932053504 என்று வரும், உண்மையில் வரவேண்டியது 6227020800. அவ்வளவு பெரிய எண், இன்ட்டுக்குப் பொதுவாக ஒதுக்கப்படும் 32 பிட் இடத்துக்குள் அடங்காது. எச்சரிக்கை எதுவும் வராது, எண்ணும் பார்க்கப் பெரிதாகத்தான் இருக்கிறது, பிள்ளைகள் அப்படியே ரெக்கார்டு நோட்டில் எழுதிவிடுவார்கள். இரண்டு பூஜ்ஜியத்தில் முடிகிற எண்ணை 13 ஆல் பெருக்கினால் விடை எப்படி 04 என்று முடியும்? இந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பழகிவிட்டால் போதும், அப்புறம் லூப்புக்குள் ஒவ்வொரு சுற்றிலும் மதிப்பை அச்சிட்டுப் பார்த்து எந்த இடத்தில் கெட்டுப்போகிறது என்று அவர்களே பிடித்துவிடுவார்கள். பைத்தானிலும் இதே கதைதான், இன்புட்டில் வாங்கிய 45-ஐயும் 40-ஐயும் இன்ட்டாக மாற்றாமல் கூட்டினால் அவற்றை எழுத்துகளாக எடுத்து ஒட்டிவிடும், 4540 வரும், எரர் வராது.

இதெல்லாம் மனப்பாடத்தில் வராது. ரெக்கார்டில் இருக்கிற புரோகிராமை அப்படியே அடித்தால் மதிப்பெண் என்று இருக்கும்வரை பிள்ளைகள் மனப்பாடம்தான் செய்வார்கள், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அதனால் செய்முறைத் தேர்வில் தப்பு வைத்த பத்து வரி புரோகிராம் ஒன்றைக் கொடுத்து, எந்த வரியில் பிழை, அதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று எழுதச் சொல்ல வேண்டும், அதற்குத் தனி மதிப்பெண்ணும் வேண்டும். பள்ளிக் கல்வித்துறை இதைப் பரிசீலிக்கட்டும். அதுவரை லேபில் இருக்கும் ஆசிரியர்கள் மாணவரின் கீபோர்டைத் தொடாமல், "இந்த வரியில் என்ன மதிப்பு இருக்கும்னு நினைக்கிறே?" என்று கேட்க ஆரம்பிக்கலாம், அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

இப்படிக்கு,
கணினி ஆசிரியர் ஒருவர், திருநெல்வேலி