"இவருக்குப் பதில் இவர்": தொடர் தயாரிப்பாளர்களுக்கும் தொலைக்காட்சி நிர்வாகங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தயாரிப்பாளர்களுக்கும் தொலைக்காட்சி நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

மதிய நேரத் தொடர் ஒன்றில் மூன்றாண்டுகளாக மாமியார் வேடம் ஏற்றிருந்த என் தோழி, அறுவை சிகிச்சைக்காக முன்கூட்டியே விடுப்புக் கேட்டு, தயாரிப்பு மேலாளர் சம்மதித்த பின்னரே மருத்துவமனையில் சேர்ந்தார். தையல் பிரிக்கும் முன்பே அந்த வேடத்தில் வேறொருவர் பூஜையறையிலிருந்து வெளியே வந்ததையும், திரையின் கீழே "இவருக்குப் பதில் இவர்" என்று எழுத்து ஓடியதையும் அவர் வார்டில் இருந்த தொலைக்காட்சியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். அலுவலகத்திலிருந்து அதற்கு முன்னும் ஓர் அழைப்பு இல்லை, பின்னும் இல்லை.

ஏன் மாற்றினீர்கள் என்று கேட்க நான் இதை எழுதவில்லை. டிஆர்பி என்னும் பார்வையாளர் அளவீடு இறங்கினால் ஒரு பாத்திரத்தை வெளியூருக்கு அனுப்புவதும், சுவரில் மாலை போட்ட படமாக்கிவிடுவதும் இந்தத் தொழிலில் உள்ளவைதான் என்பதை அறிந்தே நாங்கள் முகத்தில் ஒப்பனை போடுகிறோம். நான் கேட்பது ஒன்றே: எங்களை எழுத்துப்பூர்வமான ஒப்பந்தத்தோடு வேலைக்கு அமர்த்துங்கள். மாதத்தில் எத்தனை நாள் வேலை, நாளொன்றுக்கு என்ன ஊதியம், அது எந்தத் தேதிக்குள் கைக்கு வரும், விலக்குவதாக இருந்தால் எத்தனை நாள் முன்னதாகச் சொல்வீர்கள் என்பவை அதில் இருக்கட்டும்.

அந்த மாமியாரின் பட்டுப் புடவைகளை யார் வாங்கியது என்பதை நீங்கள் அறிவீர்கள். பணக்கார வீட்டுப் பெண்மணி கட்டிய புடவையையே மறுபடி கட்டக் கூடாது என்று இயக்குநர் தரப்பு சொல்லும்; புடவைக்கும், ரவிக்கைத் தையலுக்கும், கவரிங் நகைக்கும் நடிகைதான் செலவழிக்க வேண்டும். நாள் கணக்கில் பேசிய சம்பளமோ காசோலையாக வந்து சேர இரண்டு மூன்று மாதங்கள் ஆகும் என்பதால், தோழி அவற்றைத் தவணையில் வாங்கினார். இதற்கிடையே வேறு சேனலிலிருந்து வந்த வாய்ப்பை, "இங்கே நடிக்கும்வரை அங்கே போகக் கூடாது" என்ற வாய்ச்சொல்லுக்குக் கட்டுப்பட்டு மறுத்துமிருந்தார். அவரைக் கட்டிப்போட வாய்ச்சொல் போதுமாக இருந்தது. அவருக்குப் பாதுகாப்பாக நிற்க அந்த வாய்ச்சொல்லால் முடியவில்லை. வேலை போய்விட்டது, தவணை மட்டும் மாதந்தோறும் வருகிறது.

இது உங்கள் தயவை நாடும் கோரிக்கை மட்டுமல்ல. 1981ஆம் ஆண்டின் திரைத் தொழிலாளர் சட்டம் திரைப்படங்களோடு நின்றுவிட்டது. ஆனால் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பு, தொலைக்காட்சித் தொடர்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்து, நடிகர், பின்னணிக் குரல் கலைஞர் போன்றோரை எழுத்து ஒப்பந்தமின்றி அமர்த்தக் கூடாது என்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஊதியம் பெறுவோருக்கு அது பொருந்தாது என்ற வரம்பைக் காட்டி ஒதுங்கிக்கொள்ள உங்கள் வழக்கறிஞர்களால் முடியலாம். ஒரு தாளில் கையெழுத்திடுவதற்குக்கூட ஒதுங்க வழி தேட வேண்டுமா என்பதே என் வருத்தம்.

மறு ஒளிபரப்பைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2020 ஊரடங்கில் படப்பிடிப்புகள் நின்றபோது, 2002இல் தொடங்கிய "மெட்டி ஒலி" உள்ளிட்ட பழைய தொடர்கள்தான் வீடுகளுக்குள் மீண்டும் வந்தன. நாள் ஊதியத்தை நம்பியிருந்த நாங்கள் அந்த நேரத்தில் வருமானமின்றி வீட்டில் இருந்தோம். 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், வணிகப் பயன்பாட்டுக்குச் செல்லும் நடிப்புக்கு நடிகருக்கும் உரிமத்தொகை உண்டு என்கிறது. மறு ஒளிபரப்புக்காக என் கைக்கு இதுவரை ஒரு ரூபாயும் வந்ததில்லை. எங்களில் பலர் இப்படி ஓர் உரிமை இருப்பதையே அறிந்திருக்கவில்லை. ஒப்பந்தம் கைக்கு வந்தால்தான் இதைப் பற்றிப் பேசவே எங்களுக்கு ஓர் இடம் கிடைக்கும்.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். உங்கள் தொடர்கள்தான் எங்களை அறிமுகமில்லாத வீடுகளுக்குள் உறவினராகக் கொண்டுசேர்த்தன. அந்த நன்றி எங்களுக்கு இருக்கிறது. அடுத்த ஷெட்யூல் தொடங்கும் முன், நாயகிக்கு மட்டுமன்றி, அம்மாவாகவும் அத்தையாகவும் வேலைக்காரப் பெண்ணாகவும் நடிப்பவர் ஒவ்வொருவருக்கும், தமிழில், அவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி ஓர் ஒப்பந்தத்தைத் தாருங்கள். என் தோழிக்கு வர வேண்டிய சம்பளப் பாக்கியையும் இந்த மாதத்துக்குள் கொடுத்துவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அம்மா வேடங்களில் நடிக்கும் ஒரு சின்னத்திரை நடிகை