நபிலோன் குளிசையை ஒளித்து வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வெள்ளிக்கிழமை கோயிலில் ஓர் அக்கா என் காதோடு கேட்டார்: "உங்கள் அம்மாவுக்கும் அந்தக் கஞ்சாக் குளிசை கொடுத்தார்களாமே?" அவருடைய கணவருக்குப் புற்றுநோய்க்கான கீமோ சிகிச்சை நடக்கிறது. சத்தியை அடக்க வைத்தியர் எழுதிக் கொடுத்த நபிலோன் போத்தலை, மாமியாரின் கண்ணில் படக்கூடாதென்று மிளகாய்த்தூள் டின்னுக்குப் பின்னால் வைத்திருக்கிறாராம். கணவரோ கஞ்சித் தண்ணீரைக்கூடச் சத்தி எடுக்கிறார். தண்ணீரும் தங்காவிட்டால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது, உடனே வைத்தியசாலைக்குத் தொலைபேசி எடுங்கள் என்றேன். பிறகு சொன்னவற்றை உங்கள் வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

நபிலோன் செடியிலிருந்து எடுப்பதில்லை. கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி. என்ற பொருளைப்போல வேலை செய்யும்படி ஆய்வுகூடத்தில் செய்வது. அமெரிக்காவில் 1985இலேயே அனுமதி பெற்றது. ஒன்டான்செட்ரோன் போன்ற வழக்கமான சத்தி மருந்துகள் கேட்காதபோதுதான் எழுதுவார்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? கவனம்தான் வேண்டும். அது எங்களிடம் இருக்கவில்லை.

அம்மாவுக்கு 71 வயது. இரண்டாவது கீமோவுக்கு முதல்நாள் இரவு ஒரு குளிசை கொடுத்தேன். ஊரிலிருந்து உறவினர் கொண்டுவந்த நித்திரைக் குளிசை ஒன்றையும் அம்மா தானே எடுத்து விழுங்கியிருக்கிறார். வைத்தியரிடம் கொடுத்த பட்டியலில் அதை நாங்கள் சேர்க்கவே இல்லை. இரவு இரண்டு மணிக்குக் குளியலறைக் கதவின் கைபிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு நின்றார். வாய் காய்ந்து பேச்சு ஒட்டியது. "பிள்ளை, நிலம் வள்ளம் மாதிரி ஆடுகிறது" என்றார். விழாமல் தப்பியது தெய்வச் செயல்.

மறுநாள் மருந்தாளர், ஒரு தமிழ்ப் பெண், வீட்டிலுள்ள எல்லாப் போத்தல்களையும் பையோடு கொண்டுவரச் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்த்தார். நித்திரைக் குளிசை, மது, கடும் வலி மருந்து எதுவும் இதனோடு சேர்ந்தால் மயக்கம் கூடுமாம். எழும்போது இரத்த அழுத்தம் விழலாம். கட்டில் ஓரத்தில் சற்று இருந்துவிட்டு எழ வேண்டும். பக்கத்தில் பொறுப்பான ஒருவர் இருக்க வேண்டும். கார் ஓட்டவே கூடாது. முன்பு மனநோய் இருந்திருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். மனநிலை மாற்றம் மருந்தை நிறுத்திய பின்னும் 48 முதல் 72 மணி நேரம் நீடிக்கலாம். சத்தி தொடங்கிய பிறகு தேடி ஓடுவதில் பயனில்லை. கீமோவுக்கு 1 முதல் 3 மணி நேரம் முன்பே வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும்.

வைத்தியர் அளவைக் குறைத்தார். மூன்றாவது கீமோவின் மறுநாள் அம்மா இரண்டு இடியப்பம் சொதியோடு சாப்பிட்டார். தட்டை வழித்ததைப் பார்த்து நான் அழுதுவிட்டேன்.

கனடாவில் 2019 இறுதியிலிருந்து கஞ்சா மிட்டாய் கடையில் கிடைக்கிறது, அதையே கொடுக்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வைத்தியருக்குத் தெரியாமல் குளிசையோடு மிட்டாயையும் சேர்த்தால் எங்கள் வீட்டில் நடந்ததைவிட மோசமாக நடக்கலாம். பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டில் குளிசையைப் பூட்டியே வையுங்கள்.

போத்தலில் ஒட்டியிருந்த எச்சரிக்கைகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. அம்மா வாசிப்பது உங்கள் பத்திரிகையை மட்டும்தான். தமிழ் மருந்தாளர் ஒருவரைக் கொண்டு இதைப் பற்றி ஒரு பக்கம், பெரிய எழுத்தில், வெளியிடுவீர்களா?

ஒரு மகள்,
ஸ்காபரோ