கூடையில் மூடிய புறா

கோத்தகிரி
மார்கழி 12

அன்புள்ள தேவிக்கு,

அம்மா எழுதுவது. ஐப்பசியில் பிடித்த மழை, கார்த்திகை கழிந்தும் விடவில்லை. நாலு நாள் மூட்டத்துக்குப் பிறகு நேற்றுத்தான் வெயில் வந்தது. கம்பளியெல்லாம் வாசலில் காயப்போட்டுவிட்டு நிமிர்ந்தால், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் சிமெண்டுத் தரையில் ஒரு புள்ளிப்புறா ஒருக்களித்துக் கிடக்கிறது. ஒரு இறக்கை மேலே தூக்கி நிற்கிறது, வால் விசிறியாய் விரிந்திருக்கிறது, சிறகெல்லாம் சிலிர்த்து, கண் செருகினாற்போல் இருக்கிறது.

நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது அதே இடத்தில் அப்படித்தானே ஒன்று கிடந்தது? "சாகப்போகுதும்மா" என்று நீ அழ, நான் காய்கறிக் கூடையைக் கவிழ்த்து மூடினேன். அடுப்படியில் வைத்துக் கஞ்சித் தண்ணி ஊட்டப் பார்த்தாய். சாயங்காலம் கூடையைத் தூக்கியதும் விருட்டென்று பறந்தது.

இந்த முறை நான் கிட்டப் போகவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஐந்து நிமிஷம் கழித்து அது எழுந்து, திரும்பிப் படுத்து, மறு இறக்கையைத் தூக்கியது. சாகிற பறவை பக்கம் மாற்றிப் படுக்குமா, சொல்லு? பருந்தின் நிழல் தரையில் ஓடியதும் கண்மூடித் திறப்பதற்குள் வேலிக்குப் போய்விட்டது. அங்கே உட்கார்ந்து ஒவ்வொரு இறகாக அடியிலிருந்து நுனிவரை அலகால் இழுத்துக் கோதியது. அலகு எட்டாத தலையைக் காலால் சொறிந்துகொண்டது.

இறகுக்குள் பேன் இருக்கும் தேவி. வெயில் சூடு ஏறினால் அது இருந்த இடத்தில் இருக்க முடியாமல் நகரும், சிலது செத்தும் போகும். பிறகு கோதும்போது அலகில் சுலபமாகச் சிக்கும். கோதுவது அழகுக்காக இல்லை. இறகின் இழைகளைப் பொடிப்பொடிக் கொக்கிகள்தான் கோத்து வைத்திருக்கின்றன. அவை விட்டுப்போனால் குளிரும் ஈரமும் உள்ளே இறங்கிவிடும். அலகால் இழுத்தால் ஜிப் போட்டமாதிரி மறுபடி சேர்ந்துகொள்ளும். நம் கொண்டைக்குருவி வால் அடியிலிருந்து எண்ணெய் தொட்டுப் பூசிக்கொள்ளும். புறாவுக்கு இறகே மாவாக உதிர்ந்து உடம்பெல்லாம் படியும். ஒருநாள் ஜன்னல் கண்ணாடியில் புறா மோதி, இறக்கையோடு வெள்ளையாக அச்சு விழுந்ததே, அந்த மாவுதான் அது.

ஆகவே நாம் காப்பாற்றிய புறாவுக்கு நோவே இல்லை. மழை விட்ட அன்றைக்கு வெயில் காய வந்ததைப் பிடித்து, அரை நாள் இருட்டில் அடைத்துவிட்டோம். எனக்கு ராத்திரி முழுக்க அதே நினைப்பு. உனக்கு அப்போது என்ன தெரியும், பெரியவள் நான்தான் கொஞ்சம் நின்று பார்த்திருக்க வேண்டும்.

போன வாரம் போனில் உன் பையனுக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாய். நீ கஞ்சி கொடுத்ததையும் சொல்லு, இதையும் சேர்த்துச் சொல்லு. பொங்கலுக்கு வரும்போது அவனைக் காலையில் எழுப்பி என்னோடு படியில் உட்கார வை. சில்வர் ஓக் மரத்துக்கு மேல் சூரியன் ஏற ஒன்பது மணி ஆகும். அந்தக் கூடையைப் பரண்மேல் போட்டுவிட்டேன்.

அன்புடன்,
அம்மா