மதர்போர்டு, டிஸ்க், டாக் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் ஒரு எம்.2 எஸ்எஸ்டியை (மதர்போர்டிலேயே நேராகச் செருகும், பட்டை போன்ற டிஸ்க்) ஸ்லாட்டில் செருகி, கைநழுவி விழுந்த அந்தக் குட்டித் திருகைத் தேடியெடுத்து முடுக்கி, கம்ப்யூட்டரை ஆன் செய்தால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் போர்டின் சொந்த மென்பொருள்) டிஸ்க்கே இல்லை. கழற்றி மாட்டினேன், பயாஸ் அப்டேட் போட்டேன், எஸ்எஸ்டி செத்துப்போச்சு என்று முடிவே கட்டிவிட்டேன். டிஸ்க் கம்ப்யூட்டரோடு பேச சாட்டா என்ற பழைய முறையும், பிசிஐஇ வழியாக ஓடும் என்விஎம்இ என்ற வேகமான முறையும் உண்டு. கடைசியில் பார்த்தால் அது சாட்டா வகை எஸ்எஸ்டி, ஸ்லாட்டுக்கோ என்விஎம்இ மட்டும்தான் தெரியும். இது மேனுவலில் பொடி எழுத்து அடிக்குறிப்பாக இருந்தது.

நீளம், அகலம், திருகு எல்லாம் ஒன்றுதான். சாட்டா வகையின் செருகும் விளிம்பில் பெரும்பாலும் இரண்டு வெட்டு இருப்பதால் அது எந்தத் தகராறும் இல்லாமல் போய் உட்கார்ந்துகொள்கிறது. எனக்கு ஆத்திரம் வருவது எங்கே என்றால், போர்டு நினைத்தால் இதைக் கண்டுபிடிக்க முடியும். எம்.2 கனெக்டரின் 69-வது பின் (இணைப்பு முனை) இருப்பதே அதற்குத்தான். சாட்டா எஸ்எஸ்டி அந்தப் பின்னைக் கிரவுண்டில் இணைத்திருக்கும், பிசிஐஇ வகை எதிலும் இணைக்காமல் விட்டிருக்கும். என்விஎம்இ மட்டும் எடுக்கும் ஸ்லாட்டிலும் அந்தப் பின்னைப் படித்து, "இங்கே ஒரு சாட்டா டிஸ்க் இருக்கிறது, இந்த ஸ்லாட் அதை எடுக்காது" என்று பயாஸில் ஒரு வரி காட்டினால் என் ஒரு மாலை மிஞ்சியிருக்கும். கலர் கலராக விளக்கு எரியவிடத் தெரிந்த உங்களுக்கு இது பெரிய வேலையா?

ஒழுங்காகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். சாட்டா டிஸ்கில் டேட்டா பகுதிக்கும் பவர் பகுதிக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. சர்வர்களில் வரும் சாஸ் வகை டிஸ்கில் அதை அடைத்து, அங்கேயே இரண்டாவது போர்ட்டின் பின்களையும் வைத்திருக்கிறார்கள். சாதாரண சாட்டா கேபிளைச் செருகப் போனால் இடிக்கும். சாட்டா டிஸ்கை சாஸ் கன்ட்ரோலரில் மாட்டலாம், சாஸ் டிஸ்கை சாட்டா கன்ட்ரோலரில் மாட்ட முடியாது என்பதை மேனுவலைத் திறக்காமலே கை தெரிந்துகொள்கிறது. (அந்த இடிப்பைத் தாண்டவைக்கும் மலிவு அடாப்டரை வாங்கி, டிஸ்க் ஏன் வரவில்லை என்று கேட்பவர்கள் தனிக் கதை.)

அடுத்து டிஸ்க் செய்பவர்கள். சாட்டா பவர் கனெக்டரின் முதல் மூன்று பின்களும் ரொம்ப நாளாக 3.3 வோல்ட்டுக்கு. 2016-ல் வந்த சாட்டா 3.3 பதிப்பில் அந்த மூன்றாவது பின்னை டிஸ்கை அணைக்கும் சிக்னலாக மாற்றினார்கள். சர்வரில் தொங்கிப்போன டிஸ்கைக் கையால் தொடாமல் அணைத்துப் போட அது உதவும், சரி. ஆனால் பழைய பவர் சப்ளை அதே பின்னில் 3.3 வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், டிஸ்க் அதை "அணைந்தே இரு" என்ற உத்தரவாக எடுத்துக்கொள்ளும். காதை வைத்துக் கேட்டாலும் உள்ளே சுழலும் சத்தம் இருக்காது. மூன்றாவது பின்மேல் மெல்லிய கேப்டன் டேப் (மின்சாரம் கடத்தாத ஒட்டுநாடா) ஒட்டினால் உடனே ஓடுகிறது. நல்ல டிஸ்கைப் பழுது என்று திருப்பி அனுப்புபவர்களுக்கு இது எப்படித் தெரியும்? லேபிளில் இடம் இல்லாமலா போய்விட்டது!

கடைசியாக, டிஸ்கை வெளியே வைத்து யூஎஸ்பியில் இணைக்கும் டாக் செய்பவர்கள், உங்கள் விஷயத்தில் போவது டேட்டாவே. 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்கைப் பழைய விண்டோஸும் பார்க்கட்டும் என்று, 512 பைட் செக்டரை (டிஸ்க் டேட்டாவைப் பிரித்து வைக்கும் சின்னத் துண்டு) 4096 பைட் என்று மாற்றிச் சொல்லும் டாக்குகளை விற்றீர்கள். அதில் ஃபார்மேட் செய்த டிஸ்கை நேராக சாட்டா போர்ட்டில் மாட்டினால் பார்ட்டிஷன் (டிஸ்கைப் பிரித்த பகுதிகள்) கணக்கு இடம் மாறி, டிஸ்க் காலி போலத் தெரியும். விண்டோஸ் இனிஷியலைஸ் (புது டிஸ்க் போலத் தயார்) செய்யவா என்று கேட்கும், அதற்கு ஓகே கொடுத்துவிட்டு அப்புறம் அழுபவர்களை எனக்குத் தெரியும். "இதில் ஃபார்மேட் செய்ததை இதிலேயே படிக்கவும்" என்று டாக்கின் முதுகில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள், போதும்.