போர்ச்சுகல் டி7 விசா: 870 யூரோ மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலைக்குப் போகாமல், வரும் வருமானத்திலேயே போர்ச்சுகலில் குடியிருக்க வழிசெய்யும் டி7 விசாவைப் பற்றி எழுதுகிறவர்கள், "மாதம் 870 யூரோ இருந்தால் குடியுரிமை" என்று தலைப்பிட்டுவிடுகிறார்கள். இதை நம்பி வேலையை விடுகிறவர்களும் வீட்டை விற்கிறவர்களும் இருப்பதால் இந்தக் கடிதம்.

கிடைப்பது குடியுரிமை அல்ல, வசிப்பு அனுமதி. முதலில் இரண்டு ஆண்டுக்குத் தருவார்கள். புதுப்பித்தால் மேலும் மூன்று ஆண்டு. 870 யூரோ என்பது அந்நாட்டின் 2025ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச மாத ஊதியம். 2024இல் அது 820ஆக இருந்தது. ஆண்டுதோறும் ஜனவரியில் மாறுவதால், பழைய செய்தியைப் பார்த்துக் கணக்குப் போடக் கூடாது. மேலும், அது ஒருவருக்கான அளவுதான். துணைவருக்கு அதில் பாதியும், பிள்ளை ஒவ்வொருவருக்கும் 30 சதவீதமும் சேரும். கணவன், மனைவி, ஒரு குழந்தை என்றால், 2025ஆம் ஆண்டு அளவின்படி 870, 435, 261 சேர்த்து மாதம் 1,566 யூரோ. இதில் 12 மாதத்துக்கு உரிய 18,792 யூரோவைச் சேமிப்பாகவும், முடிந்தவரை போர்ச்சுகல் வங்கிக் கணக்கிலேயே, காட்டுவது நல்லது.

பலர் தடுக்கி விழுவது இதற்கு அடுத்த படியில். சேமிப்பு வேறு, வருமானம் வேறு. ஓய்வூதியம், வாடகை, வட்டி, ஈவுத்தொகை, காப்புரிமைத் தொகை போன்றவைதான் டி7 கேட்கும் வருமானம். நிலத்தை விற்றுக் கணக்கில் போட்ட பெருந்தொகை, மாதாமாதம் வரும் வருமானம் ஆகாது. முதிர்வில் மொத்தமாக வட்டி தரும் வைப்புத்தொகையிலும் இதே சிக்கல்தான்: வட்டி கூடிக்கொண்டே இருக்கும், ஆனால் வங்கி அறிக்கையில் ஒரு வரவும் தெரியாது. மியூச்சுவல் ஃபண்டில், லாபத்தைக் கையில் தராமல் முதலோடு சேர்க்கும் வளர்ச்சித் திட்டமும் அப்படியே. விண்ணப்பிப்பதற்கு ஆறு மாதமாவது முன்பே மாத வட்டிக்கு மாற்றிக்கொண்டால், காட்டுவதற்கு ஆறு வரவாவது இருக்கும். வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை பார்த்து வாங்கும் சம்பளம் இதில் சேராது. அதற்கு 2022 அக்டோபர் 30 முதல் தனி விசா இருக்கிறது; அங்கே கேட்பது குறைந்தபட்ச ஊதியத்தைப் போல் நான்கு மடங்கு.

வாடகை வருமானத்தைக் காட்டுகிறவர்கள் மூன்று காகிதங்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்: வாடகை ஒப்பந்தம், வங்கி அறிக்கை, வருமான வரிக் கணக்கு. ஒப்பந்தத்தில் இருக்கும் அதே தொகை, அதே குடித்தனக்காரர் பெயரில், ஏறக்குறைய அதே தேதியில் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். ரொக்கமாக வாங்கிச் செலவழித்தது போக மிச்சத்தைக் கணக்கில் கட்டினால் அது வாடகை என்று எப்படி நிரூபிப்பது? பெயரிலும் ஒரு தொல்லை உண்டு. வங்கியில் இனிஷியலோடு இருப்பவரின் பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் முழுதாக இருக்கும். சொத்துப் பத்திரத்தில் வேறு மாதிரி இருக்கும். நமக்கு அது ஒரே ஆள். கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு மூன்று பேர். எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி திருத்திக்கொள்வதுதான் முதல் வேலை.

காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழைக் கடைசியாக வாங்குங்கள். மூன்று மாதம் கடந்தால் பழையதாகிவிடும். பிறப்பு, திருமணச் சான்றிதழ்களுக்கு முதலில் அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் செல்லுபடியாக நம் அரசு இடும் சான்று), பிறகு மொழிபெயர்ப்பு. மாற்றிச் செய்தால் முத்திரை மொழிபெயர்ப்பில் இடம்பெறாமல் போகும்.

வீட்டு விஷயம்தான் பணத்தை விழுங்குவது. விசா கிடைக்கும் முன்பே அங்கே தங்க இடம் காட்ட வேண்டும். சில வாரத்துக்கான விடுதி முன்பதிவை நம்ப வேண்டாம்; 12 மாத ஒப்பந்தம் தேவை. அதை வீட்டுக்காரர் வரித்துறையில் பதிவு செய்து, ஒரு மாத வாடகையில் 10 சதவீதம் முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். பதிவுக்கான சான்றை வாங்காமல் பணம் அனுப்பாதீர்கள். வெளிநாட்டவர் என்று தெரிந்ததும் ஓராண்டு வாடகையை மொத்தமாகக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2023 அக்டோபரில் வந்த சட்டப்படி முன்வாடகை இரண்டு மாதத்துக்கும், பிணைத்தொகை இரண்டு மாத வாடகைக்கும் மிகக் கூடாது. விசா மறுக்கப்பட்டால் ஒப்பந்தம் ரத்து என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால், ஓராண்டு ஒப்பந்தத்தில் மூன்றில் ஒரு பங்கு காலம் கழிந்த பிறகே, அதுவும் 120 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, வெளியேற முடியும். காலி வீட்டுக்கு எட்டு மாத வாடகை!

பாஸ்போர்ட்டில் ஒட்டித் தரும் விசா நான்கு மாதத்துக்குத்தான் செல்லும்; இரண்டு முறை நுழையலாம். அதற்குள் ஐமா என்ற குடியேற்ற முகமையில் நேரில் ஆஜராகி வசிப்பு அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2023 அக்டோபர் 29இல் தொடங்கிய இந்த முகமை, பழைய துறையிடமிருந்து லட்சக்கணக்கில் தேங்கிய கோப்புகளையும் சேர்த்தே பெற்றது. அதனால் தாமதம் வரலாம். நேரம் கேட்டு அனுப்பிய ஒவ்வொரு மின்னஞ்சலையும் அச்செடுத்து வைத்திருங்கள்.

அட்டையை வாங்கிக்கொண்டு ஊரிலேயே இருந்துவிடலாம் என்ற யோசனையும் உலவுகிறது. அட்டை செல்லும் காலத்தில் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேலோ, விட்டு விட்டு மொத்தம் எட்டு மாதத்துக்கு மேலோ, தக்க காரணமின்றி வெளியே இருந்தால் அனுமதி ரத்தாகலாம். ஆக, அங்கே வாழத்தான் வேண்டும். வாழ்ந்தால், 12 மாதத்தில் 183 நாளைத் தாண்டியதும் அந்நாட்டின் வரிக் குடியிருப்பாளர் ஆகிவிடுவீர்கள். உலகில் எங்கிருந்து வரும் வருமானத்தையும் அங்கே கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாட்டு ஓய்வூதியத்துக்கு 10 சதவீத வரி மட்டுமே என்று இன்னும் சில முகவர்கள் துண்டுப்பிரசுரம் கொடுக்கிறார்கள். அந்தச் சலுகை 2024 முதல் புதியவர்களுக்கு மூடப்பட்டுவிட்டது. இப்போது வருமானம் கூடக் கூட விகிதமும் கூடும் படிநிலை வரிதான், உச்சத்தில் 48 சதவீதம் வரை. இனி இந்த விசா பற்றிய செய்தியில் 870 யூரோ பெரிய எழுத்தில் வந்தால், இந்த 48 சதவீதத்தையும் அதே பத்தியில் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விசா ஆவணப் பணியில் உள்ள வாசகர்